சிக்னல் பிராசஸிங் போர்டு வடிவமைக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியலில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், மென்பொருள் பயிற்சி வகுப்பில் சேர மறுத்து, ஒலி, அதிர்வு போன்ற சிக்னல்களை எண்களாக்கிக் கணக்கிடும் மின்சுற்றுப் பலகையான டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் போர்டு ஒன்றை இறுதியாண்டு புராஜெக்டாக வடிவமைக்க விரும்புவதாகக் கவலையுடன் எழுதியிருக்கிறீர்கள். அவரைத் தடுக்க வேண்டாம். வேலையின் எல்லையை மட்டும் சுருக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போர்டோடு அதை இயக்கும் கணினி முழுவதையும் தாமே வடிவமைக்க முற்பட்டால், பிராசஸருக்கும் மெமரிக்கும் இடையிலான அதிவேகத் தடங்களைச் சரிசெய்வதிலேயே ஆண்டு கழிந்துவிடும். மாறாக, ராஸ்ப்பெரி பை என்ற சிறு ஒற்றைப் பலகைக் கணினி போன்ற ஆயத்தக் கணினியின் 40 பின் இணைப்பியில் பொருந்தும் தனி மாட்யூலாக அமைக்கலாம். அந்த இணைப்பியில் அனலாக் உள்ளீடு கிடையாது. ஆகவே ஒலியையோ இயந்திர அதிர்வையோ எண்களாக மாற்றும் ஏடிசி என்ற சிப், அதற்கு முன்னால் வேண்டாத அலைகளை நீக்கும் ஒரு வடிகட்டி, பின்னால் அந்த எண்களைக் கணக்கிடும் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) சிப் என மூன்றையும் அவரே தேர்ந்து இணைக்க வேண்டியிருக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, அதில் பாதியான 24,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் வடிகட்டப்படாவிட்டால், அவை தாழ்ந்த அதிர்வெண் கொண்டவைபோல் உருமாறி உண்மைச் சிக்னலோடு கலந்துவிடும். பிறகு எவ்வளவு திறமையாக நிரல் எழுதினாலும் பிரித்தெடுப்பது அரிது. இதைத் தம் போர்டிலேயே அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் வைத்து அளந்து பார்த்த மாணவி, கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகளை உருவாக்கும் எம்பெடெட் துறை நேர்காணலில் மனப்பாடம் செய்த விடையைச் சொல்ல வேண்டியதில்லை.

மென்பொருள் வாய்ப்பு கைநழுவிவிடும் என்ற அச்சமும் வேண்டாம். டிஎஸ்பி சிப்புக்கான நிரலை சி மொழியிலும், கணினிப் பக்கத்து நிரலை லினக்ஸிலும் அவர் எழுதியாக வேண்டும். தனியாக வகுப்புக்குச் சென்றாலும் இவ்வளவு ஆழமாகப் பழகுவார் என்று நான் நினைக்கவில்லை.

போர்டின் மின்சுற்று வரைபடத்துக்குக் கிகேட் என்ற இலவச மென்பொருளே போதும். அந்த 40 பின்களின் சிக்னல் மட்டம் 3.3 வோல்ட், 5 வோல்ட் சிக்னலை நேரடியாகக் கொடுத்தால் கணினியே பழுதாகலாம் என்பதால், மின்சாரம் கொடுக்கும் முன் ஒவ்வோர் இணைப்பையும் மல்டிமீட்டரால் சோதிப்பது அவசியம். முதல் போர்டு பெரும்பாலும் பிழையோடுதான் வரும். அதைத் திருத்தி இரண்டாவது போர்டு அச்சிடவும் காலமும் பணமும் இப்போதே ஒதுக்கி வையுங்கள். முதல் போர்டில் என்ன தவறு, எப்படிக் கண்டறிந்தார் என்பதை அவர் நாள்தோறும் குறித்து வரட்டும். நேர்காணலுக்கு அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லலாம்.

உதிரிப்பாகங்கள் வாங்கும் முன், முழு அமைப்பையும் ஒரே தாளில் கட்டப்படமாக வரைந்து, ஒவ்வொரு கட்டமும் எதற்காக என்று தங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடியாத கட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.