பாரிஸுக்கு அனுப்பினால் சூரிச்சுக்கும் போகுமா?

கேள்வி: நானும் மச்சாளும் உப்புவெளியில் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், குரக்கன் மா, முருங்கையிலைத் தூள், கருவாடு எல்லாம் பக்கெற் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறோம். பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கும் தம்பி, எல்லாவற்றையும் தன் பெயருக்கு மொத்தமாக அனுப்பச் சொல்கிறான். அங்கே இறக்கி, சூரிச்சில் சித்தப்பாவின் கடைக்கும், ஒஸ்லோவில் அக்காவுக்கும், லண்டனில் இன்னொரு கடைக்கும் வான் வண்டியில் பிரித்துக் கொடுக்கலாமாம். 'எல்லாம் ஐரோப்பாதானே, ஜி.எஸ்.பி. பிளஸ் இருக்கு, வரியும் இல்லை' என்கிறான். நம்பி இறங்கலாமா?
– உப்புவெளி வாசகி, திருகோணமலை

பதில்: பாரிஸ் வரைக்கும் தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. பாரிஸைத் தாண்டினால் சரியில்லை. ஜி.எஸ்.பி. பிளஸ் என்பது இலங்கை போன்ற வளர்முக நாடுகளின் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் சுங்கத் தீர்வைச் சலுகை, ஐரோப்பா முழுவதும் தருவதல்ல. கருவாட்டை இந்தத் திட்டத்திலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி ஏன் அப்படி நினைக்கிறார் என்பது விளங்குகிறது. பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் வழியில் பெரும்பாலும் யாரும் பாஸ்போட் கேட்பதில்லை. ஒஸ்லோவுக்கும் அப்படித்தான். அது ஷெங்கன் ஒப்பந்தத்தால் வந்த வசதி. நோர்வே அதில் 2001இலும் சுவிஸ் 2008இலும் நடைமுறையில் சேர்ந்தன. ஆனால் ஷெங்கன் ஆட்களுக்கானது, சரக்குக்கு அதில் இடமில்லை. சரக்குக்கு உள்ளது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க ஒன்றியம், அதற்குள் ஒருமுறை விடுவித்த சரக்குக்கு நாட்டுக்கு நாடு மறுபடி சுங்கம் இல்லை. அதன் எல்லை வேறு இடத்தில் ஓடுகிறது. பிரான்ஸும் ஜெர்மனியும் அதற்கு உள்ளே, சுவிஸும் நோர்வேயும் பிரித்தானியாவும் வெளியே. துருக்கி நேரெதிர்: அங்கிருந்து வருபவருக்கு விசா வேண்டும், ஆனால் கைத்தொழில் பொருள்களைப் பொறுத்தவரை 1995 முடிவிலிருந்து அது ஒன்றியத்தோடு ஒரே சுங்க வலயம்.

இந்த அயல்நாடுகள் ஒவ்வொன்றும் ஒன்றியத்தோடு தனித்தனியாகப் பேசித் தனித்தனி ஏற்பாடு செய்துகொண்டவை. நோர்வே மக்கள் 1972இலும் 1994இலும் வாக்கெடுப்பில் ஒன்றியத்தில் சேர மறுத்தார்கள். ஆனாலும் 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருக்கிறார்கள். ஒன்றியத்தின் சந்தை விதிகளில் பெரும்பகுதி அங்கும் செல்லும். சுங்கமும் விவசாயக் கொள்கையும் அவர்களுடையவை. சுவிஸ் மக்கள் 1992 டிசம்பரில் அந்த வலயத்தையும் மயிரிழையில் நிராகரித்தார்கள். அதனால் 1972ஆம் ஆண்டு தடையற்ற வர்த்தக உடன்படிக்கைக்கு மேல், துறைக்கு ஓர் ஒப்பந்தமாக அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். பிரித்தானியா 2016இல் வாக்களித்து, 2020 ஜனவரியில் வெளியேறி, 2021 ஜனவரி முதல் தனிச் சுங்கம் நடத்துகிறது. வட அயர்லாந்து மட்டும் பொருள்களுக்கு ஒன்றியத்தின் விதிகள் பலவற்றோடு ஒட்டியிருக்கிறது. உங்கள் கடை லண்டனில் என்பதால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

சரி, இனி உங்கள் மிளகாய்த்தூளோடு நடந்து பார்ப்போம்.

பக்கெற்றுகள் கொழும்பில் கப்பலேறுகின்றன. நம் திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை உலகமே புகழ்ந்தாலும் வழமையான கொள்கலன் சேவை இங்கே இல்லை. ஆகவே லொறியில் கொழும்புக்குப் போக வேண்டும், அந்தச் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் இறங்குகிறது. ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையைக் கேட்க, பொருள் இலங்கையில் உற்பத்தியானது என்ற தோற்றக் கூற்றை உங்கள் விலைப்பட்டியலில் (இன்வொய்ஸ்), விதித்த வாசகத்தில் அப்படியே எழுத வேண்டும். ஒரு தொகுதியின் பெறுமதி 6,000 யூரோவுக்கு உட்பட்டிருந்தால் எந்த ஏற்றுமதியாளரும் இதை எழுதலாம். அதற்கு மேல் போனால் கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்தின் மூலம் 'ரெக்ஸ்' என்ற ஏற்றுமதியாளர் பதிவு முறையில் பெற்ற எண் வேண்டும். சுங்கத் தீர்வை விலகினாலும் பெறுமதி சேர் வரி விலகாது. பிரான்ஸில் உணவுக்குப் பொதுவாக 5.5 வீதம். தம்பி 'வரியே இல்லை' என்று கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கைத் திருத்தச் சொல்லுங்கள்.

இப்போது அதே பெட்டியிலிருந்து கொஞ்சம் சூரிச்சுக்கு. பிரான்ஸ் சுங்கத்தில் விடுவித்துத் தம்பியின் களஞ்சியத்துக்குள் போய்விட்ட சரக்கை பாசல் எல்லையில் காட்டினால், சுவிஸ் சுங்கத்துக்கு அது புதிதாக வரும் சரக்கு. இலங்கைக்குச் சுவிஸ் தனியாகத் தரும் சலுகையையும் அங்கே எளிதாகக் கேட்க முடியாது. கேட்பதற்கான தாள் பிரான்ஸிலேயே முடிந்துவிட்டது. வழி ஒன்று உண்டு. சரக்கு பிரான்ஸ் சுங்கத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, அதாவது விடுவிக்க முன்னரே, அதைப் பிரித்து சுவிஸுக்கோ நோர்வேக்கோ போகும் பங்குக்கு மாற்றுத் தோற்றக் கூற்று எழுதலாம். ஒன்றியமும் சுவிஸும் நோர்வேயும் இந்த முறையில் ஒன்றாக இயங்குகின்றன. சுங்க முகவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். ஆனால் அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வான் புறப்பட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

லண்டனுக்கு இந்த மாற்றுக் கூற்று செல்லாது. ஒன்றியத்துக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் தீர்வையில்லா உடன்படிக்கை இருக்கிறதே என்று தம்பி கேட்பார். இருக்கிறது, ஆனால் அது ஒன்றியத்திலோ பிரித்தானியாவிலோ உற்பத்தியான பொருளுக்கு. உப்புவெளி மிளகாய்த்தூள் பாரிஸில் ஒரு வருடம் இருந்தாலும் பிரெஞ்சுப் பொருளாகிவிடாது. லண்டனுக்கு இங்கிருந்து நேரடியாக அனுப்புங்கள். 2023 ஜூன் முதல் பிரித்தானியாவில் வளர்முக நாடுகளுக்கான தனி வர்த்தகத் திட்டம் நடக்கிறது, அதன் மேம்பட்ட சலுகைப் பிரிவில் இலங்கை இருக்கிறது. அதற்கு ரெக்ஸ் எண் தேவையில்லை, விலைப்பட்டியலில் தோற்றப் பிரகடனம் எழுதினால் போதும். பெரும்பாலான உணவுக்கு அங்கே பெறுமதி சேர் வரியும் பூச்சியம். ஒஸ்லோவில் அதே வரி உணவுக்கு 15 வீதம், சுவிஸில் 2.6. ஒரே பக்கெற்றுக்கு நாலு கடையிலும் ஒரே விலை போட முடியாது என்பது இதிலேயே தெரியும்.

லேபலும் அப்படித்தான். பிரான்ஸுக்குப் பிரெஞ்சு மொழி கட்டாயம். ஒன்றியத்தில் விற்கும் பக்கெற்றில் ஒன்றியத்துக்குள் இருக்கும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். 2024 முதல் பிரித்தானியாவுக்கு அங்குள்ள முகவரி வேண்டும். பாரிஸ் முகவரி அச்சிட்ட பக்கெற்றை அப்படியே லண்டன் றாக்கையில் வைக்க முடியாது. தூளில் கடுகு சேர்க்கிறீர்களா? கடுகும் எள்ளும் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை. சேர்மானங்களுக்குள் அவை தடித்த எழுத்து போன்ற வகையில் தனியாகத் தெரிய வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன்: உங்கள் செத்தல் மிளகாய் எங்கிருந்து வருகிறது? இலங்கைச் சந்தையில் உள்ள செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. அதை வாங்கித் திரித்துப் பக்கெற் செய்தால் அது இலங்கைப் பொருளா? ஜி.எஸ்.பி. விதிகளில் 'போதாத வேலைகள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எளிய அரைத்தல், எளிய கலத்தல், பக்கெற் செய்தல் எல்லாம் அதில் அடங்கும். தெற்காசிய நாடுகளின் மூலப்பொருளைச் சேர்த்துக் கணக்கிட ஒரு வசதி உண்டு, ஆனால் அதற்கும் இங்கே செய்யும் வேலை அந்தப் பட்டியலைத் தாண்டியதாக இருக்க வேண்டும். வறுப்பதும் உங்கள் கைப்பக்குவமும் போதுமா என்பதை ஊகத்தில் விடாதீர்கள். தம்பி பிரான்ஸ் சுங்கத்திடம் எழுத்துமூலம் தோற்றத் தீர்மானம் கேட்கலாம், கிடைத்தால் அது மூன்று வருடத்துக்குச் செல்லும். என் அபிப்பிராயம், முதல் தொகுதியை நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் விளைந்த மிளகாயிலேயே செய்யுங்கள். விலை கூடத்தான். ஆனால் தோற்றக் கூற்றை எழுதுவது நீங்கள். பிழையான கூற்றுக்கு அபராதமும் பின்னாளில் அறவிடும் தீர்வையும் தம்பியின் தலையில் விழும். விவசாயியிடம் வாங்கிய பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

மிளகாயில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சும் கவனிக்க வேண்டியது. ஒன்றியத்தில் பி1 வகைக்கு ஒரு கிலோவில் 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்ந்து 10, அவ்வளவுதான் எல்லை. நம் மாரிகாலத்தில் சரியாகக் காயாத மிளகாயைச் சாக்கில் கட்டி வைத்தாலே இது வந்துவிடும். இலங்கை மிளகாயும் வல்லாரையும் பொன்னாங்காணியும் ஒன்றியத்தின் கூடுதல் சோதனைப் பட்டியலில் இடம்பெற்றவை. அந்தப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். ஏற்றுவதற்கு முன் அன்றைய பட்டியலைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் தொகுதி வாரியாகச் சோதித்த அறிக்கை இல்லாமல் ஒரு கிலோகூட அனுப்ப வேண்டாம்.

இனி கருவாடு. இங்கே வரைபடம் மறுபடி மாறுகிறது. கடலுணவின் சுகாதார விதிகளில் ஒன்றியமும் நோர்வேயும் சுவிஸும் கிட்டத்தட்ட ஒரே வீடு, பிரித்தானியா மட்டும் தனி. அந்த வீட்டுக்குள் போக, மீனைப் பதப்படுத்தும் இடம் கடற்றொழில் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்று ஒன்றியத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். சுகாதாரச் சான்றிதழும், எந்தப் படகு எங்கே பிடித்தது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழும் வேண்டும். வீட்டு முற்றத்தில் காயவைத்த கருவாட்டுக்கு இவை கிடைக்காது. தம்பி ஊருக்கு வந்து திரும்பும்போது சொந்தச் சாப்பாட்டுக்கு 20 கிலோ வரை பெட்டியில் கொண்டுபோகலாம். அதைக் கடையில் வைத்து விற்கக் கூடாது.

இவ்வளவு கடுமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, கோட்பேத் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆழ்கடலில் நம் பல நாள் கலங்களை அரசு சரியாகக் கண்காணிக்கவில்லை என்று ஒன்றியம் 2012 நவம்பரில் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டியது. திருத்தம் போதவில்லை என்று 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூனில்தான் நீக்கியது. குற்றம் கண்காணிப்பில். நட்டம் படகில் போனவனுக்கும் மீன் வெட்டும் பெண்களுக்கும்.

ஜி.எஸ்.பி. பிளஸும் அப்படி அரசின் நடத்தையோடு கட்டிய சலுகைதான். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு நடைமுறைப்படுத்த வேண்டும். குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளையும் இலங்கை நிறைவேற்றவில்லை என்று 2010 ஓகஸ்டில் சலுகை இடைநிறுத்தப்பட்டது. திரும்பக் கிடைத்தது 2017 மேயில். பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டி, தற்காலிகமாக நிறுத்துவதைப் பரிசீலிக்கும்படி ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஜூனில் தீர்மானம் போட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் நம் மாவட்டத்திலும் உண்டு. அந்தத் தாய்மாருக்குக் கதவு தட்ட இருக்கும் சில இடங்களில் ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸும் ஒன்று. ஆகவே நிபந்தனைகளை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வர்த்தக ஆலோசகனாக நான் சொல்ல மாட்டேன். சலுகை போனால் முதலில் வேலை இழப்பது தைக்கும் பெண்களும் உங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளரும்தான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் மனதில் வைத்துத்தான் நான் கணக்குப் போடுகிறேன், நீங்களும் போட வேண்டும்.

பிரித்தானியாவின் புதிய திட்டத்தில் மேம்பட்ட சலுகைக்கு அந்த 27 உடன்படிக்கை நிபந்தனை இல்லை, பொருளாதார நலிவைத்தான் பார்க்கிறார்கள். பாரிய உரிமை மீறலுக்குச் சலுகையை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கும் உண்டு. ஆக, ஒரு கதவு மூடும் நாளில் மற்றது திறந்திருக்கக்கூடும். ஒன்றியத்தின் தற்போதைய ஜி.எஸ்.பி. சட்டம் 2027 டிசம்பர் 31 வரை நீடிக்கப்பட்டது. அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வருகிறது. நாடு தொடர்ந்து மூன்று வருடம் உயர் நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்தப்பட்டாலும் தகுதி போய்விடும். அதனால் தீர்வையைச் சேர்த்தாலும் நட்டம் வராத விலையைப் போடுங்கள், சலுகையை மேலதிக இலாபமாக வையுங்கள். சலுகையை நம்பி வங்கிக் கடன் எடுத்து யந்திரம் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் குரக்கன் மாவும் மிளகாய்த்தூளும் மட்டும், 6,000 யூரோவுக்குள், ஒரு தொகுதி பாரிஸுக்கும் இன்னொன்று லண்டனுக்கும் நேரடியாக அனுப்புவேன். முருங்கையிலைத் தூள் அடுத்த முறைக்கு. சூரிச், ஒஸ்லோ பங்கை அதற்கும் பிறகு, மாற்றுக் கூற்று எழுதத் தெரிந்த முகவர் கிடைத்த பின் சேர்ப்பேன். இங்கே வியாபாரப் பதிவு பிரதேச செயலகத்தில். ஏற்றுமதியாளராகச் சுங்கத்தில் பதிய வேண்டும். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடமும் போய்க் கேளுங்கள், அவர்கள் வழி சொல்வார்கள். தம்பியிடம் இன்றிரவே கேட்க வேண்டியது அவருடைய ஈ.ஓ.ஆர்.ஐ. எண்ணை, அதாவது சுங்கத்தில் வியாபாரியை அடையாளம் காட்டும் பதிவு எண்ணை. ஒன்றியத்தில் இறக்குமதியாளராக நிற்க அது கட்டாயம். லண்டன் கடைக்காரருக்குப் பிரித்தானியாவின் தனி எண் வேண்டும். கடை நடத்துகிறவர்கள் எல்லாரிடமும் இது இருப்பதில்லை. இல்லையென்றால் அது கைக்கு வரும்வரை லேபல் அச்சிடக் கொடுக்காதீர்கள்.