வீட்டிலேயே ஆப்பிள் மரத்தை ஒட்டுக் கட்ட முடியுமா?

நீங்கள் இருப்பது இங்கிலாந்தில், வாடகை வீட்டில். தோட்டத்தில் நிற்கும் பழைய ஆப்பிள் மரத்தின் பழம் மிகவும் பிடித்துவிட்டது. வீடு மாறும்போது அதே பழம் தரும் மரம் ஒன்று கையில் இருக்க வேண்டும். விதை போடலாமா, ஒட்டுக் கட்டலாமா, இதற்கு முன் கத்தியே பிடிக்காதவரால் முடியுமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக முடியும். விதை மட்டும் வேண்டாம். ஆப்பிள் பெரும்பாலும் வேறொரு ரகத்தின் மகரந்தம் பட்டால்தான் காய்க்கும். அதனால் விதையில் முளைப்பது புது மரம். அதன் பழம் இனிக்குமா, புளிக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சமையலுக்கு வாங்கும் பிராம்லி ஆப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் சௌத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற இளம்பெண் 1809-ல் போட்ட விதையில் வந்த ஒரே மரம்தான் அதற்கு மூலம். அந்த மரத்துக் குச்சியை ஒட்டி, அதிலிருந்து மறுபடி ஒட்டித்தான் இன்றைய பிராம்லி மரங்கள் ஏறக்குறைய எல்லாம் வந்தன. இருநூறு வருடங்களுக்கு மேலாக ஒரு ரகத்தைச் சாகவிடாமல் காத்தவை மனிதக் கைகள். உங்கள் மரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அதைக் காப்பாற்ற இதே வழிதான்.

பலர் பயப்படுவது கத்தி வேலைக்கு. உண்மையில் காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காலம் தவறுவதுதான். ஒட்டுக் கட்டுவது என்றால், உங்கள் மரத்துக் குச்சியை வேரோடு இருக்கும் வேறொரு ஆப்பிள் செடியின் தண்டோடு சேர்ப்பது; அந்தச் செடிதான் வேர்ச்செடி. ஒட்டும் நேரத்தில் குச்சி உறக்கத்தில் இருக்க வேண்டும், வேர்ச்செடி விழிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே குச்சியை ஜனவரியிலேயே வெட்டி வைத்துவிடுங்கள். போன வருடம் வளர்ந்த, பென்சில் கனமுள்ள குச்சியாக இருக்கட்டும். ஈரத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் எழுதி ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் அந்த ஃபிரிட்ஜில் பழம் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு குச்சியின் மொட்டுகளைக் கெடுத்துவிடும்.

வேர்ச்செடியை நர்சரியில் குளிர்காலத்தில், மண் இல்லாத வெறும் வேரோடு விற்பார்கள். மரம் எவ்வளவு உயரம் போகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இதுதான். எம்9 என்ற வேர்ச்செடி ரகம் என்றால் மரம் 3 மீட்டருக்குள் நிற்கும், ஆனால் காலம் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும். எம்எம்106 நாலு மீட்டரையும் தாண்டலாம். வாடகை வீடு, தொட்டியில்தான் வளர்க்க வேண்டும் என்றால் எம்26 வாங்குங்கள் என்பேன்.

மார்ச்சில் வேர்ச்செடியின் மொட்டு உப்பும்போது வேலையைத் தொடங்குங்கள். வேர்ச்செடி, குச்சி இரண்டிலும் சுமார் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவ வேண்டும். கத்தரிக்கோல் கட்டையை நசுக்கிவிடும். நல்ல கூரான கத்திதான் சரி. கழித்துப்போட்ட கிளைகளில் ஒரு மாலை முழுக்கச் சீவிப் பழகிவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள். விரலுக்கு உறை கட்டாயம். சீவிய முகங்களைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நடுவே கீற்று தெரிந்தால் முகம் சமமாக இல்லை, இன்னொரு தடவை சீவுங்கள். பிறகு இரண்டு முகத்திலும் ஒரு சின்னக் கீறல் போட்டு, நாக்குபோல ஒன்றுக்குள் ஒன்று செருகினால் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

இனி உற்றுப் பார்க்க வேண்டிய இடம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய பச்சைக் கோடாக ஓடுவதுதான் கேம்பியம். ஒட்டு பிடிப்பது அந்தக் கோட்டில் மட்டுமே. குச்சி மெலிந்து, வேர்ச்செடி பருத்து இருந்தால் நடுவில் வைக்காதீர்கள். ஒரு பக்கமாகத் தள்ளி, அந்தப் பக்கத்துக் கோடுகளாவது நேராகச் சேரும்படி வையுங்கள். ஒட்டுக் கட்டும் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மூன்று மொட்டு விட்டு மேலே நறுக்கி, நுனியை மெழுகால் மூடுங்கள்.

சில வாரங்களில் இலை எட்டிப் பார்க்கும். அதை வைத்து ஒட்டு பிடித்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். குச்சி தன்னிடம் இருந்த சேமிப்பிலேயே துளிர்த்துவிட்டுப் பிறகு வாடுவதும் உண்டு. தளிர் நீண்டுகொண்டே போனால்தான் நம்பலாம். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். கோடையின் நடுவில் சுற்றிய நாடாவை அவிழ்க்க மறந்தால் தண்டு நெரிபடும். தொட்டிக்கு மாற்றும்போது ஒட்டு மண்ணுக்கு நன்றாக மேலே நிற்கட்டும்; புதைந்தால் மேல்பகுதியே வேர்விட்டு, குட்டை மரம் என்ற கணக்கு தப்பிவிடும்.

ஒன்றுக்கு மூன்றாகக் கட்டுங்கள். எல்லாம் பிடித்துவிட்டால் ஒன்றை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டுப் போகலாம், அந்தப் பழைய மரத்துக்கு வயதாகிறதே.