விபத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வந்த மனப் பாதிப்புக்கு வாகன விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு எதுவும் தரவில்லை. மேல்முறையீட்டில் கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் தீர்ப்பாயத்தில் பதிவாகாத ஒன்றை உயர் நீதிமன்றத்தில் நிறுவுவது பெரும்பாடு. என் தம்பி வழக்கில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தம்பி வேன் ஓட்டியவன். லாரி மோதித் தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பின்னால் லாரி ஹாரன் கேட்டால் மட்டும் இன்றும் ரோட்டோரமாக உட்கார்ந்துவிடுவான். தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டுப் போட்ட எம்.சி.ஓ.பி. மனுவில் காலைப் பற்றித்தான் எழுதியிருந்தோம். மனநல மருத்துவரிடம் போனதே ஒன்றரை வருடம் கழித்து. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த 'கான்ஷியஸ், ஓரியண்டட்' என்ற வரியைக் காட்டி, "மனநிலை நன்றாகத்தானே இருந்திருக்கிறது?" என்றார். அன்றைக்கு நினைவோடு இருந்தான் என்பதைத் தவிர அந்த வரிக்கு வேறு பொருள் கிடையாது. அதை எடுத்துச் சொல்ல எங்கள் பக்கம் ஒரு மருத்துவரும் கூண்டேறவில்லை. 'வலியும் வேதனையும்' என்ற தலைப்பில் ஒரு சிறு தொகையோடு முடித்துவிட்டார்கள்.

உயர் நீதிமன்றத்தில் போட்ட சி.எம்.ஏ. என்கிற மேல்முறையீட்டில் எங்கள் வக்கீல் பிடித்துக்கொண்டது 2010 ராஜ்குமார் தீர்ப்பை. உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்பது வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் அதில் பிரித்துக் காட்டியது. இடது கை போனால் டிரைவருக்குப் பிழைப்பே போகும். குமாஸ்தாவுக்கு வேலை மிஞ்சலாம். மனதுக்கும் இதே கணக்குத்தான். உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியவில்லை என்று மனுவில் வரிவரியாக எழுதச் சொல்லுங்கள்.

புதிய ஆதாரம் தர சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 41, விதி 27-இல் மனு போடலாம். எளிதில் ஏற்க மாட்டார்கள். எங்களைக் காப்பாற்றியது அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்த ஓ.பி. சீட்டு. விபத்து நடந்த நான்காம் மாதம் எலும்பு டாக்டரே அதில் 'தூக்கமில்லை, பயம்' என்று கிறுக்கியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நீதிபதி தம்பியை மருத்துவ வாரியத்துக்கு அனுப்பினார். அங்கே மனநோயால் வரும் ஊனத்தை அளக்கும் 'ஐடியாஸ்' என்ற அளவுகோலில் தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, எத்தனை காலமாக நோய் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சதவீதம் சொல்வார்கள். அந்தச் சான்று வந்த பிறகுதான் தொகை கூடியது.

மேல்முறையீட்டுக்கு, அவார்டு (தீர்ப்பாயத்தின் இழப்பீட்டுத் தீர்ப்பு) தேதியிலிருந்து 90 நாள்தான் கெடு. தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும். இன்றைக்கே வீட்டில் இருக்கிற பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுங்கள்.