எக்ஸ்டஸி போட்ட 3 நாள் கழித்து அழுகை: தம்பிக்கு மூளை கெட்டுவிட்டதா?

ஒரு எக்ஸ்டஸி போதை மாத்திரையால் தம்பியின் மூளையே போய்விட்டது என்று இப்போதே முடிவுகட்டாதீங்க. சனிக்கிழமை போட்டவர் செவ்வாய்க்கிழமை காரணமில்லாமல் அழுவது பலருக்கும் நடப்பதுதான்.

எக்ஸ்டஸியில் இருக்கும் போதைப்பொருளான எம்டிஎம்ஏ, மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரோடோனின் என்ற ரசாயனத்தை நரம்பு முனைகளிலிருந்து அள்ளி வெளியே கொட்டிவிடும். அதைப் புதிதாகத் தயாரிக்கும் நொதியையும் முடக்கும். இருப்பும் காலி, வரவும் குறைவு. விடிய விடிய ஆடிக் கெட்ட தூக்கம் வேறு.

நாலைந்து நாள் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டால் தெளிகிறதா பாருங்க. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறானா என்று கட்டாயம் கேளுங்க. சில வகைகளோடு சேர்ந்தால் செரோடோனின் எல்லை மீறி உயிருக்கே ஆபத்து. கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

விற்றவன் சொன்னதுதான் மாத்திரைக்குள் இருந்தது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சாகணும் என்று பேசினால் தனியே விடாதீங்க. மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.