அடைக்கோழியின் கொண்டை வெளுக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: எங்களிடம் எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன. எல்லாம் நாட்டுக்கோழிதான். பத்து நாளைக்கு முன் ஒரு கோழிக்கு 14 முட்டை வைத்து அடை வைத்தேன். நடுவில் இரண்டு முட்டை உடைந்துவிட்டன. இப்போது கொண்டை வெளுத்து, இரை எடுக்காமல் சோர்ந்து கிடக்கிறது. தூக்கினால் கையில் பொடிப்பொடியாக ஏதோ ஊர்கிறது. இன்னொரு கோழி ஒரு வாரமாக வெறும் கூடையில் அடை படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை தெளிந்துவிடும் என்கிறார் என் வீட்டுக்காரர். சோர்ந்த கோழிக்கு இப்போதே தடுப்பூசி போடலாமா?
– ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்: சகோதரி, இன்றைக்கு இரவு எட்டு மணிக்கு மேல், கோழியெல்லாம் அடங்கிய பிறகு, டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தக் கூடையிடம் போங்கள். கூடைப் பின்னலின் இடுக்கு, பின்னால் உள்ள சுவர் வெடிப்பு, கோழிகள் ஏறி அடையும் மூங்கிலின் கணு, இங்கெல்லாம் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். குங்குமம் தூவியது போல் சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் உங்கள் கோழியின் நோய் அதுதான்.

ஊரில் பேன், உண்ணி, தெள்ளு எல்லாவற்றையும் சேர்த்துச் செல் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேன் வைக்கோல் நிறத்தில் இருக்கும், இரவு பகல் கோழி மேலேயே கிடக்கும். வால் பக்கத்தில் எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கினால் ஓடும். இறகின் அடியில் ஈர் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். அது அரிப்பைக் கொடுக்கும், இறகைத் தின்னும். சிவப்புச் சிற்றுண்ணி வேறு மாதிரி. பகலில் இடுக்கில் பதுங்கிக் கிடந்து, இருட்டியதும் ஏறி வந்து இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மற்றக் கோழிகள் பகலெல்லாம் மேய்ந்து, குப்பைமேட்டு மண்ணில் புரண்டு ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அடைக்கோழியோ ஒரே இடத்தில் 21 நாள் உட்கார்ந்திருக்கிறது. உண்ணிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அடையில் இருக்கும் கோழியின் கொண்டை கொஞ்சம் சுருங்கி நிறம் மங்குவது இயல்பு. உடம்பும் கொஞ்சம் இளைக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். கொண்டை சாம்பல் பூத்தது போல் வெளுத்து, இறக்கிவிட்டால்கூட இரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அது அடையால் வந்த சோர்வு இல்லை, இரத்தம் குறைந்துவிட்டது. என் அனுபவத்தில் அடைக்கோழி சாவதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். உட்கார்ந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும், காலையில் பார்த்தால் முட்டைக்கு மேல் இறகை விரித்தபடியே இருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அப்புறம் அடைக்கூடையைக் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

நாளைக் காலையில் வேலையைத் தொடங்குங்கள். புதுக்கூடை ஒன்றோ அகலமான மண்சட்டியோ எடுத்து, அடியில் நான்கு விரற்கடை மணல் போட்டு, அதன்மேல் வெயிலில் காய்ந்த வைக்கோலைக் குழிவாக அமைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலுக்குள் ஒரு கைப்பிடி உலர்ந்த வேப்பிலையைக் கலந்துவிடலாம். முட்டையை மாற்றியதும் பழைய வைக்கோலை அப்படியே அள்ளித் தூரமாகக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள். பழைய கூடையைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி நாலு நாள் வெயிலில் போடுங்கள். சுவர் வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். மூங்கிலையும் வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். கோழிக்கு மட்டும் மருந்து தடவி இடத்தை விட்டுவிட்டால் மூன்றாம் நாள் பழைய கதைதான்.

கோழிக்கு நன்றாகச் சலித்த விறகுச் சாம்பலோடு வசம்புப் பொடியும் கொஞ்சம் மஞ்சள் தூளும் கலந்துகொள்ளுங்கள். ஒருவர் கோழியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இறகுக்கு எதிர்ப்போக்கில் விரலை ஓட்டி, வால் அடி, இறக்கை இடுக்கு, கழுத்து என்று தோலில் படும்படி தேய்க்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் படக்கூடாது. இது பேனையும் உண்ணியையும் விரட்டும். கூட்டம் கூட்டமாக மொய்த்திருந்தால் இது போதாது, கால்நடை மருந்தகத்தில் கோழிக்கென்று உள்ள மருந்தைக் கேட்டு வாங்குங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் மண்ணெண்ணெயையும் அடைக்கோழி மேல் தடவவே தடவாதீர்கள். தோல் வெந்துபோகும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதன் வழியாகத்தான் உள்ளே இருக்கும் குஞ்சு மூச்சு விடுகிறது. மருந்தும் அதே வழியில் உள்ளே போகும். வேப்பெண்ணெய் தடவிய கோழியை அப்படியே முட்டைமேல் உட்கார வைப்பதும் தப்பு, எண்ணெய் துளையை அடைத்துவிடும்.

சரி, முட்டையை என்ன செய்வது? உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது, வெறும் கூடையில் படுத்திருக்கும் அந்த இரண்டாவது கோழிதான் அது. அதைத் தண்ணீரில் முக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அதன் நெஞ்சு எலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி போல் கூர்மையாகத் தட்டுப்படாமல் இரண்டு பக்கமும் சதை இருந்தால் நல்ல உடம்போடுதான் இருக்கிறது. அதற்கும் சாம்பல் பொடி தேய்த்து, இருட்டிய பிறகு புதுக்கூடையில் முட்டைமேல் மெதுவாக உட்கார வையுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். இன்னும் 11 நாள் பாக்கி, அது தாங்கும். முதல் கோழிக்கு ஓய்வு கொடுங்கள்.

மாற்றும்போதே முட்டையையும் சோதித்துவிடலாம். அட்டையில் எட்டணா அளவு ஓட்டை போட்டு, அடியில் டார்ச்சை வைத்து, முட்டையின் அகன்ற பக்கத்தை ஓட்டைமேல் பொருத்துங்கள். பத்தாம் நாளில் உயிருள்ள முட்டையில் சிலந்தி வலை போல் இரத்தக் குழாய்கள் தெரியும், நடுவில் கரும்புள்ளி ஒன்று அசையும். முதல் முறை அதைப் பார்க்கும் குழந்தைகள் கையை எடுக்கவே மாட்டார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெளிச்சம் ஊடுருவினால் அது கூழ்முட்டை, எடுத்துவிடுங்கள். உடைந்த முட்டையின் கரு மற்றவற்றில் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றித் துடையுங்கள், தண்ணீரில் போடாதீர்கள். இந்த வேலையெல்லாம் முடிய அரைமணி நேரம் ஆனாலும் முட்டைக்குக் கெடுதல் இல்லை. இனிமேல் 14 வைக்காதீர்கள். நாட்டுக்கோழியின் இறகுக்குள் 10 முதல் 12 வரைதான் அடங்கும். மிஞ்சியது ஓரத்தில் ஆறிப்போகும், நெருக்கத்தில் உடையவும் செய்யும்.

இனி தினமும் செய்ய வேண்டிய ஒன்று. காலையில் ஒரே நேரத்தில் அடைக்கோழியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி இறக்கிவிடுங்கள். தூக்குமுன் இறக்கைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், உடைவதில் பாதி இப்படித்தான். கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் என்று தானியமாகக் கொடுங்கள், சுத்தமான தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். 15 நிமிடம், 20 நிமிடம் போதும். தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, எச்சமிட்டுவிட்டுத் தானே போய் உட்காரும். எச்சம் பெரிதாக, தாங்க முடியாத நாற்றத்தோடு இருக்கும். நாள் முழுக்க அடக்கி வைத்தது, அப்படித்தான் இருக்கும். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போனால்தான் வெள்ளைக்கழிச்சலோ என்று சந்தேகப்பட வேண்டும், இரத்தம் கலந்திருந்தால் இரத்தக்கழிச்சலாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

தடுப்பூசி இப்போது வேண்டாம், இரண்டு கோழிக்கும். சோர்ந்த கோழிக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, அடையில் இருக்கும் கோழியும் கலவரப்பட்டு எழுந்துவிடும். குடற்புழு மருந்தும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் அடுத்த ஈடு (சுற்று) முட்டையிடத் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். தாயின் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்ச நாளைக்கு வரும். குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டும், 8ஆம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் தவறக்கூடாது.

சாம்பல் பொடியை 17ஆம் நாளில், அதாவது இன்றிலிருந்து ஏழாம் நாள், இன்னொரு முறை தேயுங்கள். முதல் முறை தப்பித்த ஈர் அதற்குள் பொரித்திருக்கும். பேன் இருக்கும் தாயிடமிருந்து அது நேராகக் குஞ்சின் தலைக்கு ஏறும், பஞ்சு போன்ற குஞ்சு அதைத் தாங்காது. 18ஆம் நாளுக்குப் பிறகு அதிகம் கை வைக்காதீர்கள். குஞ்சு பொரிந்த முதல் நாள் இரை தின்னவில்லை என்று பதறாதீர்கள், வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும்.

முதல் கோழியைத் தனியாக நிழலில் வைத்து, நறுக்கிய முருங்கைக்கீரையும் கம்பும் கொடுங்கள், தண்ணீரில் சிறிது வெல்லம் கரைத்துக் கொடுக்கலாம். அது மறுபடி கூடையைத் தேடிப் போனால், அடியில் காற்றுப் புகும் கம்பிக்கூண்டில் வைக்கோல் இல்லாமல் மூன்று நான்கு நாள் விடுங்கள், வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளிந்துவிடும். இரையும் தண்ணீரும் கூண்டுக்குள் குறையாமல் இருக்க வேண்டும். பத்து நாளில் கொண்டை சிவக்கத் தொடங்கவில்லை என்றால் கோழியைக் கூடையில் வைத்து மருந்தகத்துக்கே எடுத்துப் போங்கள்.