மெட் மியூசியம் போற அன்னிக்கு மதியச் சாப்பாடு: கேள்வி பதில்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் போற நாள்ல மதியச் சாப்பாட்டை எங்கே, எப்போ வச்சுக்கறதுன்னு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கீழேயும் சொல்லுவேன்: பசிச்சப்புறம் இடம் தேடாதீங்க. பதினொன்றரைக்கே சாப்பிட உட்காருங்க.

மாலதி, எடிசன்: மாமனார் மாமியார் ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. மாமாவுக்கு சர்க்கரை, 12 மணி தாண்டக்கூடாது. ரெண்டு பேரும் சுத்த சைவம். அத்தைக்கு முட்டி வலி. சனிக்கிழமை போறோம். எப்படிப் பிளான் பண்றது?

இந்தக் கேள்விக்கு நேரம் எடுத்தே பதில் சொல்லணும். காலையில 10 மணிக்குத் திறக்கும்போதே அங்கே இருங்க. படம் பிடிக்கிற அந்தப் பெரிய படிக்கட்டு வேண்டாம். தெற்குப் பக்கம் 81வது தெரு வாசல் தரையோட தரையா இருக்கு, உள்ளே லிஃப்ட் உண்டு. முட்டி வலிக்காரங்களுக்கு அதுதான் வாசல். சக்கர நாற்காலி வேணும்னா அங்கேயே கேளுங்க, ரோஷம் பார்க்க வேண்டாம். உள்ளே நடக்கிற தூரம் ரொம்ப அதிகம்.

நேரா ரெண்டாவது மாடி, ஆசியக் கலைப் பகுதி. சோழர் காலத்துப் பார்வதி அங்கேதான். 10ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி, 70 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிக்குப் பக்கத்துல போய் இடுப்பு ஒடிஞ்சு நிக்கிற நிலையையும், ஆடையோட மடிப்பு தொடையில ஒட்டியிருக்கறதையும் பாருங்க. அத்தை அங்கேயே நின்னுடுவாங்க, அதனால முக்கால் மணி நேரம் ஒதுக்குங்க. அப்புறம் கீழே இறங்கி எகிப்துப் பகுதியோட கடைசில இருக்கிற டெண்டூர் கோயில். 1978லேர்ந்து அந்தக் கல் கோயிலை முழுசா ஒரு கண்ணாடிக் கூடத்துக்குள்ள நிறுத்தி வச்சிருக்காங்க. மாமா உட்கார்ந்து இளைப்பாற இடம் இருக்கு. அதுக்கு அடுத்தாப்ல அமெரிக்கன் விங், அதோட முற்றத்துல பார்க்கைப் பார்த்த மாதிரி ஒரு கஃபே. பதினொன்றரைக்கு அங்கே இருந்தீங்கன்னா மேஜை கிடைக்கும். பன்னிரண்டேகாலுக்குப் போனா தட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும், சர்க்கரைக்காரருக்கு அது ஆகாது.

சைவத்துக்கு: சாலட், சாண்ட்விச் மாதிரி குளிர்ந்த அயிட்டம்தான் தைரியமா எடுக்கலாம். சூப் காய்கறி சூப்பாவே இருந்தாலும் எந்தத் தண்ணில கொதிச்சுதுன்னு கேளுங்க, கோழி வேகவச்ச தண்ணியா இருக்கலாம். மாமா பையில ரெண்டு குளூக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். அரங்குகளுக்குள்ள எதையும் பிரிச்சுச் சாப்பிடக்கூடாது. ஆனா சர்க்கரை இறங்கினா காத்திருக்க வேண்டாம், உடனே மாத்திரையைப் போட்டுட்டு காவலர்கிட்ட சொல்லுங்க.

பாலா, பார்சிப்பனி: நியூ ஜெர்சிக்காரங்களுக்கு டிக்கெட் இலவசமாமே? அந்தக் காசுல நல்லாச் சாப்பிடலாமே.

இல்லை. விரும்பினதைக் குடுக்கலாம்ங்கறது நியூயார்க் மாநிலத்துல குடியிருக்கவங்களுக்கும், நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களுக்கும் மட்டும். உங்களுக்கு 30 டாலர். 12 வயசு வரைக்கும் இலவசம்.

சுதா: தயிர் சாதம், புளியோதரை கட்டிட்டுப் போய் பார்க்ல சாப்பிடலாமா? கெட்டுப் போகுமா?

தாராளமா சாப்பிடலாம். மியூசியத்துக்குப் பின்னாடி சென்ட்ரல் பார்க்ல எகிப்துத் தூண் ஒண்ணு நிக்குது, 1881லேர்ந்து அங்கேதான் இருக்கு. அதைச் சுத்தி பெஞ்ச் இருக்கு, மர நிழல் இருக்கு.

கெடறதைப் பத்தி: சமைச்ச சாதம் வெளியே ரெண்டு மணி நேரம்தான் தாங்கும், வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினா ஒரு மணி நேரம். இங்கத்திய உணவுப் பாதுகாப்பு விதி அப்படித்தான் சொல்லுது. வெதுவெதுன்னு இருக்கிற சாதத்தை டப்பால போட்டு மூடறதுதான் பெரிய தப்பு. உள்சூடு வெளியே போகாம மணிக்கணக்கா நிக்கும், கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். சாதத்தைத் தட்டுல பரப்பி ஆறவச்சு, ராத்திரியே ஃபிரிட்ஜ்ல வச்சு, காலைல ஐஸ் பேக்கோட எடுங்க. புளியோதரைக்குப் புளிப்பும் எண்ணெயும் கொஞ்சம் காப்பு, ஆனா அதை நம்பி ஐஸ் பேக்கை விட்டுடாதீங்க. தயிர் சாதத்துல பாலைக் கூட்டி தயிரைக் குறைச்சுப் பிசைஞ்சா மதியத்துக்குப் புளிக்காது.

என்னைக் கேட்டா, மிளகாய்ப்பொடி தடவின இட்லி. ஆளுக்கு நாலு, ரெண்டு பக்கமும் நல்லெண்ணெய் பொடி. ஒழுகாது, கரண்டி வேண்டாம். ஊறுகாய் மட்டும் வேண்டாம்: எண்ணெய் கசிஞ்சா பை பூரா வாசனை, வாசல் சோதனைல பையைத் திறந்து காட்டணும். டப்பா மேலாகவே இருக்கட்டும். கை கழுவ அங்கே குழாய் தேடாதீங்க, ஈரத் துணி எடுத்துக்கங்க.

கார்த்திக்: சாப்பிட வெளியே போனா திரும்ப உள்ளே விடுவாங்களா?

அன்னிக்கே விடுவாங்க. டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க. ஆனா சோதனை வரிசைல மறுபடி நிக்கணும்.

ஜெர்சி சிட்டி வாசு: கஃபேல காஞ்ச ரொட்டி எதுக்கு? மதியம் லெக்சிங்டன் அவென்யூல 28வது தெருக்கிட்ட இருக்கிற நம்ம ஊர்க் கடைகளுக்குப் போய் தோசை சாப்பிட்டுட்டு வந்துடலாம். ரெண்டு ஸ்டாப்தான்.

ரெண்டு இல்லை, ஆறு. கணக்கு போட்டுடலாம். மியூசியத்துலேர்ந்து 77வது தெரு ஸ்டேஷன் 10-12 நிமிஷ நடை. 6ஆம் நம்பர் ரயில்ல 28வது தெருவுக்குக் கால் மணி. காத்திருக்கறதையும் சேர்த்தா போக அரை மணி, வர அரை மணி. அந்தக் கடைகள்ல மேஜைக்கு நிக்கிற நேரம், சாப்பிடற நேரம், அப்புறம் மியூசியம் வாசல்ல மறுபடி வரிசை. ரெண்டரை மணி நேரம் போச்சு. சாயங்காலம் 5 மணிக்கு மூடற நாள்ல மொத்தமே ஏழு மணி நேரம்தான் இருக்கு.

வாசு: ஊபர்ல 15 நிமிஷம் சார்.

மத்தியான மிட்டவுன்லயா! 82லேர்ந்து 28 வரை 54 தெரு. 20 தெரு ஒரு மைல், ரெண்டே முக்கால் மைல் ஆச்சு. 60வது தெருவுக்குக் கீழே போனா நெரிசல் கட்டணம் வேற, ஊபர்ல ஒரு சவாரிக்கு ஒன்றரை டாலர் சேர்ப்பாங்க. சொந்தக் கார்ல போனா பகல்ல 9 டாலர். மியூசியம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கு. ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வழியா வந்து மேலேயே இருந்தா அந்தக் காசு மிச்சம். தோசைக்காக நீங்களே போய் உள்ளே தலையைக் குடுக்கறீங்க.

மாலதி, எடிசன்: வாசு சார் சொல்றதும் சரிதான். மாமாவுக்கு ரெண்டு வேளை ரொட்டின்னா முகம் போயிடும்.

அதனாலதான் தோசையை ராத்திரிக்குத் தள்ளுங்கன்னு சொல்றேன். கறி ஹில்ங்கற அந்த லெக்சிங்டன் கடைகள் நீங்க ஊர் திரும்பற வழிலதான் இருக்கு. மாற வேண்டாத ஒரே ரயில், இறங்கி தோசை, அப்புறம் பென் ஸ்டேஷன் போய் எடிசன் ரயில். மதியம் போறதுன்னா அதே தூரத்தைத் தேவையில்லாம மூணு தடவை கடக்கறீங்க. மதியம் இட்லி, சாயங்காலம் தோசை. மாமா முகம் ரெண்டு வேளையும் நல்லா இருக்கும்.

வாசு: இட்லி ஆறிப் போயிருக்குமே.

மிளகாய்ப்பொடி இட்லியை யார் சார் சுடச்சுடச் சாப்பிடறாங்க? அடுத்த கேள்வி.

ரம்யா: வாசல்ல வண்டிக்கடை நிறைய இருக்கே, சைவம் கிடைக்குமா?

பிரெட்ஸல் சரி. ஃபலாஃபல்னா எந்த எண்ணெயில பொரிச்சாங்கன்னு கேளுங்க, கோழி பொரிச்ச எண்ணெயா இருக்கலாம். சாதம் கோழி வேகவச்ச தண்ணில வெந்ததான்னும் கேளுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி விலையைக் கேளுங்க. தட்டு கைக்கு வந்தப்புறம் விலை கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கிழக்கே மூணு அவென்யூ தாண்டி லெக்சிங்டன், அதுக்கடுத்த தேர்ட் அவென்யூ, 86வது தெருப் பக்கம் போனா பீட்ஸா துண்டு சல்லிசு. மேடிசன்ல உட்கார்ந்தீங்கன்னா பர்ஸ் இளைக்கும்.

திவ்யா: நியூ ஜெர்சிக்கு டிக்கெட் கம்மியா?

மேலே பாலாவுக்குச் சொன்னதைப் படிங்க.

அருண்: 4 வயசுப் பையன். கஃபேல உட்கார மாட்டான்.

உட்கார வைக்காதீங்க. மியூசியத்துக்கு வடக்கே ஒட்டினாப்ல, 85வது தெருக்கிட்ட, ஏன்ஷன்ட் பிளேகிரவுண்ட். எகிப்துப் பிரமிடு மாதிரி ஏறி விளையாடற அமைப்பு. முதல்ல சோறு, அப்புறம் விளையாட்டு. மாத்திப் பண்ணினா சோறு இறங்காது. மதியத்துக்கு மேல ஒரே ஒரு பகுதிதான்: கவசம் போட்ட குதிரைகள்.

செந்தில்: ஜனவரில போறோம். பார்க்ல எப்படிச் சாப்பிடறது?

சாப்பிட முடியாது. வெள்ளி, சனி ராத்திரி 9 வரை திறந்திருக்கும். வீட்டுலயே 11 மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுட்டு ஒரு மணிக்கு உள்ளே போங்க, நாலு மணிக்கு காபி, ஏழுக்குக் கிளம்பி தோசை. குளிர்காலத்துல இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கவிதா: புதன்கிழமை லீவு போட்டிருக்கேன்.

மாத்துங்க. புதன் மூடியிருக்கும்.

மோகன்: நேரா ஏர்போர்ட்டுக்குப் போறோம், பெட்டியோட வரலாமா? நியூ ஜெர்சி டிக்கெட்டுக்கு ஏதாவது…

பயணப் பெட்டியை வாங்கி வச்சுக்க மாட்டாங்க. டிக்கெட் 30 டாலர், மோகன்.