எடையைக் குறைத்துவிட்டுத்தான் சைக்கிளா?

அன்புள்ள ஐயா,

வயது 44, எடை 92 கிலோ. கியர் சைக்கிள் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. எட்டு கிலோமீட்டர் தாண்டினால் உட்காரும் இடத்தில் உயிர் போகிறது. ஜெல் உறை மாட்டினேன், இப்போது மரத்துப்போகிறது. 60 கிலோ எடையுள்ள என் நண்பர் பலகை மாதிரி சீட்டில் மாமல்லபுரம் போய் வருகிறார். நான் எடையைக் குறைத்த பிறகுதான் ஓட்ட வேண்டுமா?

எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

வேண்டாம், ஓட்டுங்கள். எடைக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் காரணம் கால். உடம்பைச் சீட் மட்டும் தாங்குவதில்லை. பெடலும் ஹேண்டில்பாரும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அழுத்தி மிதிக்கிறவரின் பாரத்தில் ஒரு பகுதி காலுக்குப் போய்விடும். பழகாதவர் லேசாக மிதித்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவதுபோல் முழுசாக உட்கார்ந்துவிடுகிறார்.

என் கதையே சாட்சி. முட்டி வலியால் மூன்று மாதம் சைக்கிளைத் தொடவில்லை. எடை அதே 78. முன்பு நூறு கிலோமீட்டர் சுமந்த அதே சீட், திருவான்மியூரில் ஏறி முட்டுக்காடு போவதற்குள் அழவைத்துவிட்டது.

அப்புறம் அந்த ஜெல் உறை. முதலில் அதைக் கழற்றுங்கள். நாம் உட்காருவது இரண்டு எலும்புகளின் மேல். மெத்தென்ற உறையில் அவை புதைய, நடுவில் பிதுங்கும் ஜெல் அங்குள்ள நரம்பையும் ரத்தக்குழாயையும் அழுத்துகிறது. மரத்துப்போவது வலியைவிட மோசம். கழற்றிய பிறகும் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள்.

பார்சல் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, வாசற்படியில் போட்டு, முழங்காலைக் கொஞ்சம் தூக்கி அழுத்தி உட்காருங்கள். எழுந்தால் இரண்டு குழி தெரியும். சீட் அந்தக் குழிகளின் இடைவெளியைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் போதும். கனத்த ஆளுக்கு எலும்பும் அகலமாக இருக்கும் என்பதில்லை. பழைய ஹெர்குலிஸின் ஸ்பிரிங் வைத்த அகல சீட், நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கானது. குனிந்து ஓட்டினால் தொடையை உரசும்.

எடை தன் வேலையைக் காட்டுவது அந்த உரசலிலும் வியர்வையிலும்தான். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள். உள்ளே ஜட்டி கூடாது. (கடைக்காரர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்!) இப்போதைக்கு ஆறு கிலோமீட்டர் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள்.

நண்பரை ஒருநாள் உங்களுக்குப் பின்னால் வரச் சொல்லுங்கள், சம்மதித்தால். உங்கள் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது என்றால் சீட் உயரம் அதிகம். அரை சென்டிமீட்டர் இறக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.